நின்ற வண்டி சொல்வது என்ன?

என் ஊர் தென் அந்தமானில் உள்ள குட்வில் எஸ்டேட். விடுமுறை முடிந்து நம் பல்கலைக்கழகத்திற்கு வருவதென்றால் நான் முதலில் போர்ட் பிளேர் நகரை அடைய வேண்டும். 2024 செப்டம்பரில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. எங்கள் வீட்டார் நாவில் பழைய பெயரே இன்னும் வாழ்கிறது. அங்குக் கப்பலேறினால் ஏறத்தாழ மூன்று நாளில் சென்னை. கப்பல் நாள்தோறும் புறப்படுவதில்லை. ஒன்றை விட்டால் அடுத்ததற்குப் பல நாள் காத்திருக்க வேண்டும்.

2025 ஜூன் மாதத்தில் அப்படியொரு கப்பலை நான் தவறவிட்டேன். காரணம், ஒரு சாண் நீளமுள்ள செம்புப் பட்டை. ஆயினும் பழி முழுவதையும் அந்தப் பட்டையின்மீது சுமத்துவது நியாயமன்று. அது அறுந்தது ஒரு நொடியில். அறுந்ததைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. இடையே இரண்டு மணி நேரத்தை ஊகத்திலே கழித்தவர்கள் நாங்கள். பௌதிக வகுப்பில் மூன்றாண்டு அமர்ந்தவன் என்ற முறையில் அக்குற்றத்தில் பெரும்பங்கு எனக்கே உரியது. அன்று நான் கற்றதை, நம் மன்றத்து நண்பர்கள் கப்பலைத் தவறவிடாமலே கற்றுக்கொள்ளட்டும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நடந்தது

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். அன்று காலை மழை விட்டிருந்தது. என் பெட்டியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். சில கிலோமீட்டர் சென்றதும் சாலையின் பள்ளமொன்றில் சக்கரம் இறங்கி ஏறியது. அந்த நொடியிலேயே, விளக்கை அணைத்தாற்போல எஞ்சின் நின்றது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஓர் ஒலி. வேறொன்றுமில்லை.

“பாட்டரிதான்” என்றேன் நான்.

“போன மாதம்தானே புதிது போட்டேன்?” என்றார் அப்பா.

உண்மைதான். சில வாரங்களாகவே காலை வேளையில் வண்டி செல்ஃப் எடுக்கத் தயங்கிற்று. அதற்காக அப்பா புதுப் பாட்டரி வாங்கினார். தயக்கம் தீரவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பட்டறையில் பிரித்துப் பழுது பார்த்தார். அதன் பின்னும் தீரவில்லை. இரண்டுக்குமாகப் பல ஆயிரம் ரூபாய் சென்றிருந்தது.

வழியில் வந்த ஜீப்பை நிறுத்தி, ஜம்பர் கேபிள் கொண்டு அதன் பாட்டரியை எங்கள் பாட்டரியோடு இணைத்துப் பார்த்தோம். பயனில்லை. நால்வர் சேர்ந்து வண்டியைத் தள்ளினோம். பயனில்லை. பெட்ரோல் வரவில்லையோ என்று நான் ஐயுற்றேன். அந்த ஐயத்திற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

அப்போது எங்கள் ஊர் லாரி ஓட்டுநர் ஒருவர் வந்து சேர்ந்தார். கருவிப் பெட்டியை அவர் தொடவேயில்லை, கேள்விதான் கேட்டார். “அண்ணாச்சி, வண்டி துள்ளித் துள்ளி நின்னுச்சா, பட்டுன்னு நின்னுச்சா?” பட்டென்று நின்றதைச் சொன்னோம். முன் விளக்கைப் போடச் சொன்னார். பிரகாசமாக எரிந்தது. “தம்பி, விளக்கு எரியும்போதே சாவியைத் திருப்பு” என்றார். திருப்பினேன். ‘டக்’ என்றது, விளக்கு இம்மியும் மங்கவில்லை.

அவர் தலையசைத்தார். ஜம்பர் கேபிளில் கறுப்புக் கம்பியை மட்டும் எடுத்தார். ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மறு முனையை எஞ்சினைத் தூக்குவதற்கென்று உள்ள இரும்புக் கொக்கியிலும் மாட்டினார். “இப்போ அடி” என்றார். செல்ஃப் எடுத்தது, எஞ்சின் முழங்கிற்று.

நாங்கள் துறையை அடைந்தபோது பயணிகளை ஏற்றும் வாயில் மூடப்பட்டிருந்தது. எனக்கோ மறுவாரம் செய்முறைத் தேர்வு. அப்பா ஒரு மாத வருவாயைக் கொடுத்து எனக்கு விமானச் சீட்டு வாங்கினார்.

எஞ்சினுக்கு வேண்டுவன

நிற்க. அந்த ஓட்டுநர் செய்தது மந்திரமன்று, ஒழுங்கான விசாரணை. அதனைப் புரிந்துகொள்ள, எஞ்சின் எதனால் ஓடுகிறது என்பதைச் சற்றே நினைவுகூர வேண்டும்.

பெட்ரோல் எஞ்சின் ஓட நான்கு வேண்டும். முதலாவது, காற்றும் பெட்ரோலும் தக்க அளவில் கலந்த கலவை; எடைப்படி 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பது கணக்கு. இரண்டாவது, அக்கலவையை உருளைக்குள் நெருக்கும் அழுத்தம். மூன்றாவது, சரியான கணத்தில் மின்பொறி. நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் ஒவ்வோர் உருளையிலும் நொடிக்கு 25 முறை பொறி தோன்ற வேண்டும். நான்காவது, தொடக்கத்தில் யாரேனும் அதைச் சுழற்றிவிட வேண்டும். முற்காலத்தில் மனிதன் கைப்பிடியால் சுழற்றினான். 1912இல் காடிலாக் காரில் சார்ல்ஸ் கெட்டரிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் அவ்வேலையை ஏற்றுக்கொண்டது. நாம் ‘செல்ஃப்’ என்பது அதனைத்தான். டீசல் எஞ்சினுக்குப் பொறி வேண்டா. மிகுந்த அழுத்தத்தால் சூடேறிய காற்றே டீசலை எரியச் செய்கிறது. மற்றவை ஏறத்தாழ ஒன்றே.

ஆகவே, நின்ற வண்டியை முன்னிட்டு நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த உறுப்பை மாற்றலாம்?’ என்பதன்று. ‘இந்த நான்கில் எது இல்லை?’ என்பதே.

வண்டி எப்படி நின்றது?

முதற் சான்று, நின்ற விதம். ஒரு நொடியில் விளக்கணைந்தாற்போல நின்றால், பெரும்பாலும் மின்சாரப் பழுது என்று கொள்ளலாம். கம்பியோ, பியூஸோ, ரிலேயோ, இக்னிஷன் ஸ்விட்சோ, எஞ்சினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரோ கைவிட்டிருக்கும். துள்ளி, இருமி, ஏற்றத்தில் வலுவிழந்து நின்றால் பெட்ரோல் போதிய அளவு வரவில்லை எனலாம். முள் சரியாகக் காட்டாத டாங்கி, அடைபட்ட வடிகட்டி, களைத்துப்போன பம்பு ஆகியவற்றுள் ஒன்று காரணமாயிருக்கும்.

நிற்பதற்குச் சில நிமிடம் முன்பே விளக்குகள் மங்கி, பாட்டரிக் குறி டாஷ் போர்டில் எரிந்திருந்தால், ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை. வண்டி பாட்டரியிலிருந்த சேமிப்பைத் தின்றுகொண்டே ஓடி, அது தீர்ந்ததும் நின்றது என்பது பொருள். வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டிருந்தாலோ ஆவி கிளம்பினாலோ எஞ்சின் சூட்டால் நின்றிருக்கிறது. சூடு தணியுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஆகாது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்தில் பாயும்.

சூடான எஞ்சின் பட்டென்று நின்று, அரைமணி ஓய்வெடுத்தபின் ஒன்றும் நடவாததுபோல் கிளம்பினால், கிராங்க் சென்சாரை முதலில் ஐயுறுக. சூட்டில் அதனுள் தொடர்பு அறுவதும், குளிர்ந்ததும் மீண்டும் சேர்வதும் உண்டு.

சாவிக்கு வண்டி தரும் விடை

இரண்டாம் சான்று, சாவியைத் திருப்பினால் வண்டி தரும் விடை. விடைகள் நான்கே.

ஒன்று, முழு மௌனம். விளக்கும் இல்லை, ஒலியும் இல்லை. பாட்டரியிலிருந்து மின்சாரமே வெளிவரவில்லை. பாட்டரி முனைகளின் பிடிப்பையும் தலைமைப் பியூஸையும் பார்க்க வேண்டும்.

இரண்டு, ‘டக்’ என்று ஒருமுறையோ ‘டக்டக்டக்’ என்று பலமுறையோ ஒலி கேட்கும்; எஞ்சின் சுழலாது. மின்சாரம் உண்டு, ஆனால் செல்ஃபுக்குப் போதவில்லை.

மூன்று, செல்ஃப் வழக்கம்போல் சுழற்றும்; எஞ்சின் பற்றாது. பாட்டரியையும் செல்ஃபையும் குற்றம் சொல்லாதீர்கள். பெட்ரோலோ பொறியோ இல்லை.

நான்கு, செல்ஃப் வழக்கத்திற்கு மாறாக விரைவாகவும் இலேசாகவும் சுழலும். அழுத்தம் இல்லை என்பதற்கு இது அடையாளம். டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். மேலும் சுழற்றினால் வால்வுகளும் பிஸ்டனும் மோதிச் செலவு பன்மடங்காகும். சாவியை எடுத்துவிட்டு, வண்டியை இழுத்துச் செல்ல ஆள் தேடுவதே அறிவுடைமை.

செல்ஃப் எடுக்காதபோது

எங்கள் வண்டி தந்தது இரண்டாம் விடை. அப்போதுதான் முன் விளக்கு சாட்சிக்கு வருகிறது. சாவியைத் திருப்பும்போது விளக்கு மிகவும் மங்கினால், பாட்டரி நலிந்திருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார் இறுகி அளவுக்கு மிஞ்சி இழுக்கிறது. சிறிதும் மங்காவிட்டால், பாட்டரியிடம் யாரும் மின்சாரம் கேட்கவேயில்லை. கேட்கும் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது.

விளக்கு எரியும்போது செல்ஃப் எடுக்காதது ஏன் என்று பலர் வியப்பர். நானும் வியந்தேன், ஓமின் விதியைப் பரீட்சைக்கு எழுதியவன்தான்! இரண்டு முன் விளக்குகளும் சேர்ந்து இழுப்பது சுமார் 9 ஆம்பியர். செல்ஃப் இழுப்பதோ 150 ஆம்பியர் அளவு. கம்பி இணைப்பொன்றில் பாசி பிடித்து 0.02 ஓம் தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். அவ்வழியே 9 ஆம்பியர் சென்றால் இழப்பு 0.18 வோல்ட், கண்ணுக்குத் தெரியாது. 150 ஆம்பியர் செல்ல முயன்றால் இழப்பு 3 வோல்ட். 12 வோல்ட்டில் 3 போனால் செல்ஃப் தள்ளாடத்தான் செய்யும். மழைத்துளி அளவு பாசி ஒரு புதுப் பாட்டரியைத் தோற்கடிக்கும் விந்தை இதுவே.

காரில் பாட்டரியின் நேர்முனையிலிருந்து தடித்த கம்பி செல்ஃபுக்குச் செல்கிறது. திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி இல்லை. எஞ்சினின் உலோகமே வழி. எஞ்சின் ரப்பர் தாங்கிகள்மேல் அமர்ந்திருப்பதால், அதனை வண்டியின் உடலோடு இணைக்கச் செம்புப் பின்னலாலான எர்த் பட்டை ஒன்று வைத்திருப்பர். எங்கள் வண்டியில் அறுந்தது அதுதான். முன் விளக்குகள் உடலோடு இணைந்தவை; ஆகவே எரிந்தன. எஞ்சினை ஆளும் கணினிக்குத் திரும்பும் வழி எஞ்சின் பக்கமாக இருந்தது. ஆகவே எஞ்சின் நின்றது, தள்ளியும் கிளம்பவில்லை.

எங்கள் தீவின் காற்றும் இதற்கு உடந்தை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. இரு பருவக் காற்றுகளும் பெய்யும் இடம். நாற்புறமும் உப்புக் கடல். செம்பும் இரும்பும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால், அவ்விடமே சிறியதொரு மின்கலமாகி உலோகத்தை அரிக்கிறது. பட்டையின் இழைகள் ஒவ்வொன்றாகப் பச்சை பூத்து இற்றுப்போயின. காலைத் தயக்கத்திற்குக் காரணம் அதுவே. எஞ்சியிருந்த சில இழைகளைப் பள்ளத்தின் அதிர்ச்சி அறுத்தது.

இங்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜம்பர் கேபிள் மாட்டும்போது, கடைசிக் கறுப்புப் பிடியை நின்ற வண்டியின் பாட்டரியில் மாட்டாமல் எஞ்சினின் வெற்று உலோகத்தில் மாட்ட வேண்டும் என்பது விதி. பாட்டரியருகே பொறி பறந்து அதன் வாயு தீப்பற்றாமலிருக்க ஏற்பட்ட விதி அது. அன்று அவ்விதியை நாங்கள் மதித்திருந்தால், ஜீப்பின் உதவியாலேயே எஞ்சின் கிளம்பியிருக்கும்; கப்பலையும் பிடித்திருப்பேன்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் இத்தகைய பழுதுகளை எளிதில் காட்டிக்கொடுக்கும். ஓய்விலுள்ள நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12 காட்டினால் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. செல்ஃப் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். எர்த் பட்டையைச் சோதிக்க, ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மறு முனையை எஞ்சின்மீதும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் தடை உண்டு.

செல்ஃப் எடுத்தும் பற்றாதபோது

மூன்றாம் விடை கிடைத்தால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சாவியைச் செல்ஃபுக்கு முந்திய நிலைக்குத் திருப்பினால், பெட்ரோல் கார்கள் பலவற்றில் பின் இருக்கையின் அடியிலிருந்து இரண்டு நொடி ‘ங்ங்’ என்று மெல்லிய ஒலி எழும். டாங்கியினுள் உள்ள பம்பு பெட்ரோலைத் தயார் செய்யும் ஒலி அது. ஒலி இல்லையேல், முதலில் பம்பின் பியூஸைப் பாருங்கள். அடுத்து அதன் ரிலேயைக் கழற்றி, அதே வகையான ஹாரன் ரிலேயை அவ்விடத்தில் மாட்டிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது.

பம்பே பழுதாவதும் உண்டு. 2020 ஜூனில் ஹோண்டா நிறுவனம் இந்தியாவில் 65,651 கார்களை எரிபொருள் பம்பு மாற்றித் தருவதற்காகத் திரும்ப அழைத்தது. ஓட்டத்தில் எஞ்சின் நிற்கலாம், பிறகு கிளம்பாமலும் போகலாம் என்பதே அறிவிக்கப்பட்ட காரணம். உங்கள் வண்டியும் இத்தகைய அறிவிப்பு எதிலேனும் அடங்குமா என்று சேசிஸ் எண்ணைக் கொண்டு விசாரிப்பது நல்லது.

பம்பு ஒலித்தும் பற்றாவிட்டால், டாஷ் போர்டில் சாவி வடிவக் குறி மின்னுகிறதா என்று நோக்குக. மின்னினால் வண்டி தன் சாவியை அடையாளம் காணவில்லை. மறு சாவியை முயல்க. அதுவும் இல்லையெனில் பொறியும் சென்சாரும் எஞ்சியிருக்கின்றன.

கார்புரேட்டர் இருந்த காலத்தில் ஓட்டுநர் குழாயை வாயால் ஊதியே வண்டியைக் கிளப்பினார். 2000க்குப் பின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, நம் நாட்டுக் கார்களில் எரிபொருளைப் பீச்சும் வேலையைக் கணினி ஏற்றது. இதனால் பழுதுபார்த்தல் கடினமாயிற்று என்று குறைகூறுவோர் உளர். பாதிதான் உண்மை. அக்கணினி தான் கண்ட குறையை எண்ணாகக் குறித்து வைக்கிறது. ஸ்டீயரிங்கின் அடியிலுள்ள துளையில் சிறு கருவியைச் செருகினால் அவ்வெண்ணைப் படிக்கலாம். ‘பி 0335’ என்று வந்தால் கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் குறை. சென்சார்தான் கெட்டது என்று அதற்குப் பொருளன்று. அதற்குச் செல்லும் கம்பியை எலி கடித்திருந்தாலும் அதே எண்தான் வரும். எண் தெருவைக் காட்டும். வீட்டை நாமே தேட வேண்டும்.

உயிரைக் காப்பது முதல் வேலை

ஓடும் வண்டி நின்றுவிட்டால், பழுதைத் தேடுவதற்குமுன் செய்ய வேண்டியவை சில. பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தாமல், ஒரே அழுத்தாக அழுத்துக. துணை வலு ஓரிரு அழுத்துக்குத்தான் மிஞ்சும். ஸ்டீயரிங் கனக்கும், அஞ்சாமல் வலிந்து திருப்பி ஓரம் சேர்க. வண்டி உருளும்போது சாவியை உருவுதல் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, இருப்போரைச் சாலையினின்று அப்பால் நிற்கச் செய்க.

இது வீண் அச்சமன்று. 2014இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 26 இலட்சம் கார்களை இக்னிஷன் ஸ்விட்ச் பழுதுக்காகத் திரும்ப அழைத்தது. ஓட்டத்தில் ஸ்விட்ச் தானே நழுவி எஞ்சின் நின்றது. மோதலின்போது காற்றுப்பைகளும் விரியவில்லை. நட்டஈட்டுக் குழு ஏற்றுக்கொண்ட உயிரிழப்பு 124.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கிளப்ப முயலவே கூடாது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. உருளைக்குள் நீர் புகுந்தால், காற்றைப்போல் அது சுருங்காது. செல்ஃப் அடித்தால் உள்ளிருக்கும் தண்டு வளையும். பழுது சிறிதாயிருந்தது பெரிதாகும். பெட்ரோல் வாசனை வீசும் வண்டியிலும் சாவியைத் தொடாதீர்கள்.

முடிவாக

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்துத் தந்த முறை வண்டிக்கும் பொருந்தும். நோய் இன்னதென்று அறிதல், பிறகு அது தோன்றிய காரணத்தைத் தேடல், அதன் பின்னரே மருந்து. நாங்கள் மருந்திலிருந்து தொடங்கினோம். பாட்டரி ஒரு மருந்து, ஸ்டார்ட்டர் ஒரு மருந்து. நோயை யாரும் கேட்கவில்லை. கடைக்காரரைக் குறை சொல்லவும் வழியில்லை. கேட்ட பொருளைத்தானே அவர் தந்தார்?

புது எர்த் பட்டையின் விலை சில நூறு ரூபாய்தான். அதனை நானே மாட்டினேன். மாட்டுமுன் இரு முனைகளின் துருவையும் உப்புத்தாளால் தேய்த்தேன். என் மல்டிமீட்டரை அப்பாவின் வண்டியிலேயே விட்டு வந்திருக்கிறேன். சென்ற வாரம் தொலைபேசியில், பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை என்றும், அவர் பாட்டரி வாங்கப் புறப்பட்டார் என்றும் அப்பா சொன்னார்.

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

“முதலில் விளக்கைப் போடு என்றேன்” என்றார்.